சீஸ் திருடிய சமையல்காரன்

பிப்ரவரி 3
கல்லூரி டீன் கிளைவ் கூப்பிட்டு அனுப்பினார். இஞ்சி பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தியபோதே ஏதோ வில்லங்கம் என்று தெரிந்துவிட்டது. ஆயிரம் வருஷத்துப் பழைய ஆங்கிலத்தை இப்போது இயந்திரமே படித்துச் சொல்லிவிடுகிறதாம். அடுத்த ஆண்டு உன் வகுப்பு எதற்கு என்கிறார். எதற்கா? எனக்கு வேறு என்ன தெரியும்?

சண்டைக்குப் போகாமல் ஒரு போட்டி கேட்டேன். நூலகத்தில் இதுவரை அச்சேறாத ஏடு ஒன்று இருக்கிறது, மடத்துச் சமையல்காரன் மேல் ஒரு துறவி எழுதிய புகார். அதன் படத்தை என் மாணவர்களுக்கும் கொடுப்போம், அந்த இயந்திரத்துக்கும் கொடுப்போம் என்றேன். உடனே ஒத்துக்கொண்டார்.

பிப்ரவரி 5
இயந்திரத்தின் விடை வந்தது. நன்றாக இருக்கிறது. சனியன், மிக நன்றாக இருக்கிறது.

பிப்ரவரி 6
பட்டாணி வேகவில்லை, பியரில் பாதி தண்ணீர் என்று துறவி புலம்புவதை, கிண்டல் கெடாமல் பிடித்திருக்கிறது. நான் மல்லுக்கட்டிய வாக்கியங்கள் அதற்குச் சர்வசாதாரணம். பொறாமையாக இருக்கிறது. என் வகுப்புப் பிள்ளைகளோ இன்னும் பாதியைத் தாண்டவில்லை. ரோவன் மட்டும் வழக்கம்போலக் குஷியில் இருக்கிறான்.

“தோத்தா என்ன மேடம், எல்லாரும் அந்தச் சமையல்காரன்கிட்டயே வேலைக்குப் போயிடலாம்.”

பிப்ரவரி 9
ஏட்டைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிட்டேன். சமையல்காரன் கிடங்கில் புகுந்து சீஸ் திருடினான் என்று இயந்திரம் எழுதியிருக்கிறதே — ஏட்டில் அந்த இடத்தில் மெழுகுவர்த்தி சுட்ட ஓட்டைதான் இருக்கிறது! இத்தனை நாள் பொறாமையில் கண்ணே தெரியவில்லை எனக்கு. நாளை போட்டித் தீர்ப்புக் கூட்டம்வரை வாய் திறக்கமாட்டேன்.

பிப்ரவரி 10
கிளைவ் இரண்டையும் உரக்க வாசித்தார். பிள்ளைகளின் வாக்கியங்கள் நொண்டின. போதாக்குறைக்கு நடுவில், ‘இங்கே ஏடு எரிந்திருக்கிறது, சொற்கள் தெரியவில்லை’ என்று வேறு. என் வகுப்பின் முதல் பாடமே அதுதான்: ஓட்டையை ஓட்டை என்றே எழுது. இயந்திரத்தின் விடையில் தடங்கலே இல்லை. சீஸ் வந்ததும் கிளைவ் குலுங்கிச் சிரித்தார்.

“இந்த ஒரு இடம் போதும் ஹில்டா. நேத்து விருந்துலகூட இதைத்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன்.”

ஏட்டை ஜன்னல் பக்கமாகத் தூக்கிக் காட்டினேன். ஓட்டை வழியாக வெளிச்சம் வந்தது.

“சீஸ் எங்க?” என்றார் கிளைவ்.

“இதுக்குள்ளதான் இருக்கணும். நீங்களே பாருங்க.”

ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தார். பிறகு என்னைவிட அதிகமாக அவரே சிரித்தார். வகுப்பு இருக்கும், ஆனால் இயந்திரத்தையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றார். தாராளமாக! வீட்டுக்குப் பாடிக்கொண்டே வந்தேன்.

மார்ச் 2
புது மாணவனுக்கு, அதான் அந்த இயந்திரத்துக்கு, முதல் பாடத்தைச் சொல்லி, கிழிந்த ஏடு ஒன்றின் படத்தைக் கொடுத்தேன். ‘இந்த இடம் கிழிந்திருக்கிறது. என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது’ என்று எழுதியது. எனக்குப் பெருமையாகவே இருந்தது.

அதே இடத்தில் ரோவன் அழகாக ஒரு முழு வாக்கியம் எழுதி வைத்திருக்கிறான். ஏண்டா என்றால், “கதை நல்லா இருக்கட்டுமேன்னுதான் மேடம்” என்கிறான்.

இதைக் கிளைவிடம் சொல்லப்போவதில்லை.