வால் முளைத்த புள்ளி

4 மார்ச் 1984, ஞாயிறு

வேலூர் ரைபிள் கிளப். இன்றும் குணசுந்தரிதான் முதல், நான் இரண்டாவது. இதை எழுதி எழுதி எனக்கே சலித்துவிட்டது. ஜூனில் தேர்வு வைத்து, மாவட்டத்திலிருந்து சென்னைப் போட்டிக்குப் பெண்களில் ஒருத்தியைத்தான் அனுப்புவார்களாம். அங்கே நன்றாகச் சுட்டால் ரயில்வேயில் வேலை கிடைக்க வழியுண்டு என்று, பயிற்சி கொடுக்கும் சுபேதார் மைக்கேல்ராஜ் ஐயா சொன்னார். சொல்லும்போது அவர் பார்த்தது குணாவை. எனக்கு வயிறு எரிந்தது. எட்டாம் வகுப்பிலிருந்து அவள் என் சிநேகிதி. இருந்தும் எரிந்தது.

ஆரணியில் இந்தக் கண்ணாடிக் கடையில் இன்னும் எத்தனை வருஷம் அடுத்தவர் மூக்கை அளந்துகொண்டிருப்பேன்?

7 மார்ச்

குணா கடைக்கு வந்தாள். போன மார்கழியில் நானே அவள் கண்ணைச் சோதித்து, சிலிண்டர் பவர் போட்டுக் கண்ணாடி செய்து கொடுத்தேன். சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்குத் தெருவிளக்குகூட இழுத்துவிட்ட கோடாகத் தெரியும். அந்தக் கண்ணாடி அவள் வீட்டு பீரோவில் தூங்குகிறது.

"மாப்பிள்ள வீட்டுக்காரங்க வந்து பாத்துகினு போவட்டும், அப்பால போட்டுக்கறேன். இப்ப போட்டா சோடாபுட்டின்னு ஓடிப்பூடுவாங்க."

கண்ணாடி இல்லாமல் அவள் எப்படிச் சுடுகிறாள் என்பது எனக்குத் தெரியும். கிளப் துப்பாக்கியில் குறி பார்க்க இருப்பது ஓட்டை சைட். சின்னத் துளை வழியாகப் பார்த்தால் மங்கல் கண்ணுக்கும் தெளிவாகத் தெரியும். கடையில் இதற்கென்றே ஊசித்துளை போட்ட கறுப்பு வட்டு ஒன்று இருக்கிறது. குணாவோ தன் கண்ணே தேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

12 மார்ச்

சிங்கப்பூரிலிருந்து குணாவின் அண்ணன் தனக்கோடி பேசினார். அவர்கள் வீட்டில் போன் இல்லை, கடைக்குத்தான் வரும். பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று ரிசீவரை என் கையில் திணித்தாள். "நீயே சொல்லுடி. கண்ணாடி சமாச்சாரம் உனக்குத்தானே தெரியும்."

தங்கைக்கு ஒரு சைட் வாங்கி அனுப்பப் போகிறாராம். ஒன்று, உயர்ந்த ரக ஓட்டை சைட். இன்னொன்று புதுசு, எலக்ட்ரானிக். பேட்டரி போட்டால் கண்ணாடிக்குள் சிவப்புப் புள்ளி எரியும், அதைக் குறிமேல் வைத்துச் சுட வேண்டியதுதான். தேர்வில் எதை வேண்டுமானாலும் பொருத்தலாம். "எதும்மா நம்ம குணாவுக்கு நல்லது? ஜல்தி சொல்லும்மா."

துளை கிடையாது, வெறும் வெளிச்சப் புள்ளி. அவள் கண்ணுக்கு அது என்ன ஆகும் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது.

"எலக்ட்ரானிக்கே அனுப்புங்கண்ணா" என்றேன்.

13 மார்ச்

நான் கண்ணால் பார்க்காத சாமான். எனக்கு எப்படி நிச்சயமாகத் தெரியும்? அவர் வேறு அவசரப்படுத்தினார். சே, இதெல்லாம் ஒரு சாக்கா?

18 ஏப்ரல்

பெரிய வெள்ளிக்கு முன் பாவசங்கீர்த்தனம். அம்மாவை எதிர்த்துப் பேசினேன், பூசைக்குத் தாமதமாகப் போனேன், ஒருசந்தி நாளில் திருட்டுத்தனமாக வடை தின்றேன். எல்லாம் சொன்னேன். "வேற ஏதாவது?" என்று சாமியார் கேட்டார். இல்லை என்றேன்.

வடைக்கு மன்னிப்பு கிடைத்தது.

6 மே, ஞாயிறு

சைட் வந்துவிட்டது. கிளப்பே கூடி நின்று பார்த்தது. எனக்குக் கடுகளவு சிவப்புப் புள்ளி, சுத்தமாக, உருண்டையாகத் தெரிந்தது. அடுத்து குணா பார்த்தாள்.

"இன்னாடி இது, புள்ளிக்கு வால் மொளச்சிகினு கீது?"

வெளிச்சம் ஜாஸ்தி என்று ஐயா குமிழைத் திருகிக் குறைத்தார். வால் போகவில்லை. எல்லாரும் கண்ணாடிக் கடைக்காரியைப் பார்த்தார்கள். இப்போதாவது சொல்லியிருக்கலாம். பீரோவைத் திறடி என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"பழகப் பழக சரியாப்பூடும்டி" என்றேன்.

"செல்வி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று குணா ஐயாவிடம் வேறு சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

20 மே

பழகவில்லை.

10 ஜூன், ஞாயிறு

தேர்வு. நான் முதல். குணா ஐந்தாவது, அட்டை முழுக்கச் சிதறல். கழற்றினால் ஆசையாக அனுப்பிய அண்ணன் மனசு கஷ்டப்படும் என்று கடைசிவரை அந்தச் சைட்டை அவள் கழற்றவில்லை. என்னைக் கட்டிக்கொண்டு, "யாரு போனா இன்னாடி, நம்ம ஆரணிதானே" என்றாள். நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுவதாக எல்லாரும் நினைத்தார்கள்.

12 ஜூன்

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

காலையில் தெருவில் தறிக்காரர்கள் பாவு நூலை நீட்டிப் போட்டிருந்தார்கள். அதைச் சுற்றிக்கொண்டு குணா கடைக்கு வந்தாள். கையில் சைட்.

"எனக்கு இது ராசியில்ல. உனக்கு நல்லாத் தெரியுதில்ல, மெட்ராசுக்கு எடுத்துகினு போ. அண்ணங்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

வாங்க முடியவில்லை. சோதனை ஃபிரேமை எடுத்து, அவள் பவர் லென்ஸை மாட்டி, மூக்கில் வைத்தேன். இப்போது பார் என்று சைகை செய்தேன்.

"ஐ! உருண்டையா கீதுடி! வாலே காணோம்!"

சிரித்தாள். சிரிப்பு மெல்ல நின்றது. பெட்டியில் தேடாமலே அவள் லென்ஸை நான் எடுத்ததைப் பார்த்திருக்கிறாள்.

"அண்ணன் போன் பண்ணப்பவே தெரியுமா உனக்கு?"

தெரியும்னு சொல்லிட்டேன். ஐயோ, சொல்லிட்டேன். பொறாமைடீன்னும் சொன்னேன், அது அவ காதுல விழுந்துதோ இல்லியோ.

திட்டியிருக்கலாம், ஓர் அறையாவது விட்டிருக்கலாம். ஃபிரேமைக் கழற்றிப் பதமாக மேசையில் வைத்துவிட்டு, சைட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

13 ஜூன்

வேலூர் போய், எனக்குப் பதில் குணாவை அனுப்பச் சொல்லி ஐயாவிடம் கேட்டேன். "பேர் அனுப்பியாச்சும்மா. நீ போவலைன்னா நம்ம ஜில்லாவுல இருந்து யாருமே கெடையாது" என்றார். ஏன் கேட்கிறாய் என்றார். அதையும் சொன்னேன். அதற்கப்புறம் அவர் என்னை 'அம்மா' போட்டுப் பேசவில்லை.

1 ஜூலை

சென்னை. கடைசிக்கு முந்தின இடம், இரண்டு நல்ல கண்ணோடு.

5 ஆகஸ்ட், ஞாயிறு

குணா கிளப்புக்கு வந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள், துப்பாக்கியில் அதே எலக்ட்ரானிக் சைட். மாப்பிள்ளை வீட்டார் என்ன ஆனார்களோ, கேட்க நான் யார்? சுட்டதெல்லாம் நடுவில். ஐயா கைதட்டினார். நானும் மனசாரத் தட்டினேன். அவள் என் பக்கம் பார்க்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் முதலில் ஏறி இடம் பிடித்தேன். எப்போதும்போல ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டு உட்கார்ந்தேன். பஸ் நிறைந்துவிட்டது, அந்த ஓர் இடம் தவிர. யாரோ கேட்டதற்கு, ஆள் வருகிறது என்றேன்.

குணா ஏறினாள், இடத்தைப் பார்த்தாள். ஆரணி வரைக்கும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தாள்.