கொடியில் ஐந்து பேர் துணி

ஜூன் 9, திங்கள்

எல்லாரும் வேளச்சேரியில் தை மாதம் பதிந்த புது ஃபிளாட்டுக்குப் போய்விட்டார்கள். அண்ணன், மதினி, அவர்கள் பிள்ளைகள் அஸ்வினும் கயலும். வண்டி கிளம்பும்போது கயல் மட்டும் இறங்கி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். இருபது வயதாகிறது, இன்னும் என் பக்கத்தில்தான் படுப்பாள்.

நான் மட்டும் தி.நகரில். காரணம் வரி. வீட்டின் கீழ்த்தளம் எங்கள் ஜவுளிக்கடையின் கிடங்கு, அதற்குக் கடை வரி. மேலே இரண்டு மாடியும் குடியிருப்பு, அதனால் அதற்குக் குறைவு. ஆள் இல்லையென்றால் மேலேயும் கிடங்கு என்று எழுதி, வரியை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். போன மாதம் யாரோ மனுப் போட்டிருக்கிறார்களாம். மாநகராட்சியிலிருந்து நேரில் வந்து பார்ப்பார்களாம்.

"ரெண்டே மாசம்ட்டி ஸ்வர்ணா. ஆபீசர் பாத்துட்டுப் போனதும் உன்னையும் கூட்டிட்டுப் போயிருதேன்" என்றார் அண்ணன்.

சரி என்றேன். அப்பா இந்த வீட்டை எங்கள் இரண்டு பேர் பெயரிலும்தான் எழுதிவைத்தார். வேளச்சேரியில் மூன்று படுக்கையறை: அண்ணன் மதினிக்கு ஒன்று, அஸ்வினுக்கு ஒன்று, எனக்கும் கயலுக்கும் ஒன்று. இரண்டு மாதம் பொறுக்க மாட்டேனா?

ஜூன் 14

அண்ணன் போனில்: "மாடிக் கொடியில அஞ்சு பேர் துணி காயணும்ட்டி. ஒத்தச் சேலை தொங்குனா எவன் நம்புவான்?"

பை நிறையப் பழைய துணி வந்திறங்கியது. அவர் வேட்டி, மதினியின் நைட்டி, அஸ்வின் டீஷர்ட், கயலின் மஞ்சள் சுடிதார். அழுக்கே இல்லாத துணியை நனைத்துப் பிழிந்து உலர்த்துகிறேன். சாயங்காலம் மடித்து வைக்கிறேன். மறுநாள் மறுபடி நனைக்கிறேன். பக்கத்து மாடியில் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாள் என்ன நினைப்பாளோ!

ஜூலை 2

கட்சியின் வட்டச் செயலாளர் செம்பியன் வந்தார். இந்த யோசனையைக் கொடுத்ததே அவர்தானாம். பெருமையாகச் சொல்கிறார்.

"ஒரு ஆள் இருந்தா போதும்க்கா, வூடு வூடுதான். நாளைக்கு அண்ணன் கவுன்சிலர் சீட்டு கேக்கணும்னா குடும்பத்து ஓட்டு இந்த வார்டுல கீதா இல்லியான்னு பாப்பாங்க. அஞ்சு ஓட்டும் இங்கியே இருக்கட்டும்."

அண்ணனுக்குச் சீட்டு ஆசையா? எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆக, வரிக்கு நான், சீட்டுக்கு ஓட்டு. கோட்டையில் யாரோ ஒரு கையெழுத்துப் போட்டு வரியை ஏற்றினார்கள், அதற்கு நான் உஸ்மான் ரோட்டுச் சந்தில் ஒற்றை ஆளாய்ச் சோறு பொங்கித் தின்கிறேன்.

காபி குடித்துவிட்டு எழுந்தவர், "தனியா இருக்கறது பேஜாரா இல்லியாக்கா?" என்றார். அவராவது கேட்டாரே.

ஆகஸ்ட் 9

இரண்டு மாதம் ஆயிற்று. ஆபீசரும் வரவில்லை, அண்ணனும் பேச்செடுக்கவில்லை.

செப்டம்பர் 20

தீபாவளிச் சரக்கு வந்து கிடங்கு நிரம்பிவிட்டது. இப்போது மாடிக்கு ஏறுகிறது. சுமை ஏற்றும் ஹபீபுர் ரஹ்மான் முதலில் ஹாலில் பண்டல்களை அடுக்கினார். அப்புறம் கயல் அறையில். கடைசியாக என் அறை வாசலில் ஒன்றைத் தோளில் வைத்தபடி நின்று, "அக்கா, இத்த எங்க போடட்டும்?" என்றார்.

"என் தலைமேல போடுங்க."

பாவம், அவர் முகம் சுண்டிப்போயிற்று. "நான் இன்னாக்கா பண்றது, மொதலாளி சொல்லிக்கீறாரு." இரண்டு மாடி ஏறிவந்த மனுஷனிடம் என் வயிற்றெரிச்சலைக் கொட்டுகிறேன். மோர் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன்.

அண்ணனுக்குப் போன் செய்து, ஆபீசர் இப்போது வந்தால் என்ன சொல்ல என்று கேட்டேன். "பெட்ஷீட் போட்டு மூடி வையி. கேட்டா கல்யாணத்துக்கு எடுத்த துணின்னு சொல்லு." யாருக்குக் கல்யாணம், எனக்கா?

அக்டோபர் 20, தீபாவளி

வேளச்சேரிக்கு வருகிறேன் என்றேன். "நீயும் வந்துட்டா வீடு பூட்டிக் கெடக்கும். பண்டிகை அன்னிக்குப் பூட்டிக் கெடந்தா ஊரே பாக்கும்லா" என்றார்.

எல்லாரும் மத்தியானம் பலகாரத்தோடு வந்து அரைமணி நேரம் இருந்தார்கள். மதினி, "எளைச்சுட்டியே ஸ்வர்ணம்" என்றாள். கண் கலங்கத்தான் செய்தது அவளுக்கு. ஆனால் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவேயில்லை. அவர்கள் போனதும் ஐந்து பேர் துணியையும் நனைத்தேன். நாள் கிழமை என்றால் எல்லாரும் குளித்துத் துணி மாற்றுவார்கள் அல்லவா, கொடி நிறையக் காய வேண்டாமா!

டிசம்பர் 3

மூன்று நாளாக விடாத மழை. வேளச்சேரியில் இடுப்பளவு தண்ணீர், கரண்ட் இல்லை, லிஃப்ட் ஓடவில்லை, குழாயில் ஒரு சொட்டு வரவில்லை. நாலாவது மாடியில் இருந்து என்ன புண்ணியம்? நாலு பேரும் டிராக்டரில் ஏறித் தப்பித்து, அப்புறம் ஆட்டோ பிடித்து, தொப்பலாக நனைந்து வந்து நின்றார்கள்.

படுக்க இடமில்லை. எங்கே பார்த்தாலும் பண்டல். நான்கு நான்காகச் சேர்த்துக் கிடத்தி, மேலே ஜமுக்காளம் விரித்துக் கட்டில் மாதிரி ஆக்கினேன். அண்ணன் தன் சரக்கின் மேலேயே படுத்துக் குறட்டை விடுகிறார்.

ரசம் வைத்தேன், அப்பளம் பொரித்தேன். மாதக்கணக்கில் கால் படி பொங்கிய பாத்திரத்தைத் தள்ளிவிட்டுப் பெரிய பானையை எடுத்தேன். சந்தோஷமாக இருக்கிறது. ஊர் மூழ்கியதற்குச் சந்தோஷப்படுகிறேனே, நான் என்ன ஜன்மம்!

டிசம்பர் 6

ஆறு மாதமாக வராத ஆபீசர் இன்று வந்தார்! ஸ்ரீநாத் என்று பெயர். அஸ்வின் பல் விளக்கிக்கொண்டிருந்தான். மதினி தலை துவட்டிக்கொண்டிருந்தாள். மழைக்குப் பயந்து துணியெல்லாம் வீட்டுக்குள் கயிறு கட்டித் தொங்கின, அத்தனையும் உண்மையான அழுக்குத் துணி. ஜமுக்காளம் விரித்த பண்டல் மேலேயே அவரை உட்காரவைத்துக் காபி கொடுத்தோம்.

"நெருக்கியடிச்சுத்தான் இருக்கீங்க போல" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. எனக்கும் உள்ளூரக் குதித்தது. ஆபீசர் பார்த்தாயிற்று. இனி என்னைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

டிசம்பர் 8

தண்ணீர் வடிந்துவிட்டது. காலையிலேயே என் புடவைகளைப் பெட்டியில் எடுத்து வைத்தேன். கயல் வந்து பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அழுதாள்.

"உனக்குத் தெரியாதா அத்தை? என் ரூம்ல இன்னொரு கட்டில் போடுங்கன்னு வீடு பதியறதுக்கு முன்னாடியே கேட்டேன். 'அவளுக்கு எதுக்கு, அவ அங்கதான இருப்பா'ன்னு அப்பா சொல்லிட்டாங்க."

முன்னாடியே. மனு வருவதற்கு முன்னாடியே. அப்படியென்றால் இரண்டு மாதம் என்பது - ஐயோ, நான் எவ்வளவு பெரிய மடச்சி!

அண்ணனிடம் கேட்கவில்லை. செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். தேடி எடுத்துக் கொடுத்தேன். போனார்கள்.

டிசம்பர் 12

வாக்காளர் பட்டியலுக்காக வீடு வீடாக வந்துகொண்டிருக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு ஃபிசா என்ற அங்கன்வாடிப் பெண். அவள் வருவாள், ஐந்து பேர் என்று சொல் என அண்ணன் நேற்றே சொல்லிவைத்திருந்தார். பழக்கம் விடாமல் அந்தத் துணிகளைக் காலையில் நனைத்துக் காயப்போட்டும் இருந்தேன்.

மாடியில் உலர்த்திக்கொண்டிருந்தபோதே வந்துவிட்டாள். "வூட்ல யார் யாரு இருக்கீங்கம்மா?"

"நான் ஒருத்திதான்."

கொடியைப் பார்த்தாள். "அஞ்சு பேர் துணி காயுதே?"

"துணிக்கு ஓட்டு இல்லையேம்மா. மத்த நாலு பேரும் வேளச்சேரியில இருக்காங்க."

எழுதிக்கொண்டு படியிறங்கினாள். வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவளைக் கூப்பிடலாமா என்றுகூடத் தோன்றியது. கூப்பிடவில்லை.

டிசம்பர் 14

அண்ணன் வந்து கத்தினார். "நாலு ஓட்டையும் அடிச்சிட்டாளே! செம்பியன் என்னைப் பாத்துச் சிரிக்கான். கூடப் பொறந்தவ செய்ற காரியமாட்டி இது?"

பெட்டி இன்னும் கட்டியபடியே இருந்தது. இழுத்து வாசலில் வைத்தேன். "நானும் வேளச்சேரிக்கு வந்திருதேன் அண்ணே. கயல் ரூம்ல தரையில படுத்துக்கிடுதேன். இத பூட்டிப் போட்டுருவோம்."

கட்டிய பெட்டியைப் பார்த்தார். "நீயும் போயிட்டா வரி..." என்று இழுத்தார்.

"அப்ப நான் வேணும்லா?"

ஐம்பத்து நாலு வயதில் இதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னேன்: பொங்கலுக்குள் பண்டல் எல்லாம் கீழே இறங்க வேண்டும். மேலே ஆள் குடிவைத்துக்கொள்வேன், யாரென்று கேட்கக் கூடாது. இது என் வீடும்தான்.

தலையை ஆட்டிவிட்டுப் போனார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

கயல் அறையில் சுப்பம்மாவும் சரண்யாவும் குடிவந்து ஒரு வாரமாகிறது. பாண்டி பஜாரில் ஒரு கடையில் சேலை எடுத்துப் போடுகிற பெண்கள். தினமும் ரயிலில் செங்கல்பட்டிலிருந்து வந்து போய்க்கொண்டிருந்தவர்கள். நாள் முழுக்க நின்ற காலோடு வந்து, சாப்பிட்டுக்கொண்டே தூங்கிவிடுகிறார்கள்.

அந்தத் துணிப்பையை ரஹ்மானிடம் கொடுத்து வேளச்சேரிக்கு அனுப்பிவிட்டேன். மஞ்சள் சுடிதாரை மட்டும் வைத்துக்கொண்டேன். கயல் வந்தால் மாற்றிக்கொள்ள வேண்டும் அல்லவா. வருகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

இன்று அந்தப் பெண்களுக்கு விடுமுறை. ஒரு வாரத் துணியையும் துவைத்துக் கொடியை நிறைத்துவிட்டார்கள். என் சேலைக்கு இடமில்லை. கைப்பிடிச் சுவரில் போட்டு, பறக்காமல் ஒரு செங்கல்லை மேலே வைத்துவிட்டு வந்தேன்.