கேபிள் பூட்டாத மீற்றர்

இஞ்சாருங்கோ,

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. இனிமேல் பழகுகிற வயதும் இல்லை. கடிதத்திலும் இப்படித்தான் கூப்பிடப் போகிறேன், கேளுங்கள்.

இன்று காலை லொறி திருத்த வந்த பாஸ் ஒரு சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். கிறீசும் துருவும் கலந்த அந்த மணம் முற்றத்தைத் தாண்டி அடுப்படி வரைக்கும் வந்தது. நான் அகப்பையும் கையுமாய் எழுந்து ஓடிவிட்டேன். நீங்கள்தான் வேலை முடித்துக் கை கழுவ வருகிறீர்கள் என்று கால் நினைத்துவிட்டது. தலைக்குத் தெரியும், காலுக்குத் தெரியவில்லை.

"அக்கா, உங்கடை டாஷ்போட்டிலை இருக்கிற ஸ்பீடோமீற்றருக்குப் பொருந்துற கேபிள் ஒண்டு ஆம்பிட்டிருக்கு. இந்த உலக யுத்த காலத்திலை உது கிடைக்கிறது பெரிய காரியம். பூட்டி விடட்டே? எவ்வளவு காலமாய் முள்ளுச் சும்மா கிடக்குது" என்றார்.

"ஐயோ, வேண்டாம்! அதிலை கை வையாதைங்கோ!"

நான் போட்ட சத்தத்தில் அந்த மனிதர் சுருளைக் கீழே போட்டுவிட்டார். நீங்கள் போன பிறகு லொறியை ஓட்டுகிறவன் என் தம்பிதான். அவனும் ஓடி வந்தான். "அக்காவுக்கு என்ன பிடிச்சிட்டுது?" என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எனக்கு என்ன பிடித்தது என்று உங்களுக்குத் தெரியும்.

பழைய டாஷ்போட் பலகையால் செய்தது, நினைவிருக்கிறதா? மாரி முடிந்து ஒருநாள் நீங்கள் சாவியைத் திருப்ப, பலகையும் கையோடு வந்துவிட்டது. உள்ளே முழுக்கக் கறையான். நான் சிரித்துவிட்டேன். "உதிலை சிரிக்க என்ன கிடக்கு? வெங்காயம் பருத்தித்துறைக்கு நடந்தே போகும்?" என்று சினந்தீர்கள்.

அடுத்த கிழமை மானிப்பாயிலிருந்து ஓர் இரும்புத் தகட்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தீர்கள். நிக்கல் பூச்சு, மூன்று மீற்றர்கள், ஒரு கண்ணாடிகூட வெடிக்கவில்லை. யாருடையது என்று கேட்டேன். கவிழ்ந்துபோன அந்தக் காருடையது என்று சாக்கை மடித்துக்கொண்டே சொன்னீர்கள். நான் தகட்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

அந்தக் காரை ஊரே அறியும். மலாயாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய மானிப்பாய்க்காரருடையது. எங்கள் புத்தூர்ப் பெண்ணைக் கட்டியவர். மனைவியின் தம்பிக்குப் பெண் பார்க்க, அவனையும் ஏற்றிக்கொண்டு பருத்தித்துறைப் பக்கம் போனபோது வல்லை வெளியில் கார் ரோட்டை விட்டு இறங்கித் தண்ணீருக்குள் கவிழ்ந்தது. இருவரும் போய்விட்டார்கள். "மலாயாத் திமிரிலை பறந்து என்ரை பிள்ளையைச் சாகடிச்சவன்" என்று மாமியார் மருமகனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூடப் போகவில்லை. பெற்ற மகளுக்கும் படலையைச் சாத்திவிட்டார். மகள் வந்து அந்தப் படலையைப் பிடித்தபடி நின்று அழுதுவிட்டுத் திரும்பிப் போனதை என் கண்ணால் கண்டேன். தாய்க்கு அவள் ஒருத்திதான் மிச்சம். அவளுக்கும் தாய் ஒருத்திதான்.

"செத்த மனுசன்ரை சாமானை வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறியளே!"

"உது தகரமப்பா. தகரத்துக்குச் சாவு இருக்கே?"

தகட்டைத் தந்தபோது அந்த மகள் உங்களிடம் ஒன்று மட்டும் கேட்டாளாம். "அவர் ஒவ்வொரு நாளும் துடைச்ச சாமான். தூசி பிடிக்க விடாதைங்கோ."

பூட்டி முடிக்க ஒரு பகல் முழுக்கப் போனது. தகடு இரண்டு விரல் அகலம் கூட. அரத்தால் ராவி ராவி உங்கள் சாரமெல்லாம் இரும்புத்தூள். தலை டாஷ்போட்டுக்குக் கீழே, கால் கதவுக்கு வெளியே என்று கிடந்து நீங்கள் வயர்களைக் கொழுவ, நான் தகட்டை அமத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இஞ்சேரும், அசையாமல் பிடியும்."

"என்ரை கை என்ன கல்லாலையே செய்தது?"

எண்ணெய் மீற்றரும் கரண்ட் மீற்றரும் சரியாக வந்தன. ஸ்பீடோமீற்றரின் கழுத்தில்தான் எங்கள் கேபிள் ஏறவில்லை. அதன் புரி வேறு, இதன் புரி வேறு. கேபிளைச் சுருட்டித் தும்புக் கயிற்றால் கட்டிக் கீழே தொங்கவிட்டுவிட்டு, "இந்த லொறி போற போக்குக்கு மீற்றர் ஒரு கேடே?" என்றீர்கள். முள் பூச்சியத்தில் கிடந்தது. அதை அசைக்க ஒன்றுமே பின்னால் இல்லை.

அடுத்த சந்தைக்கு நானும் வந்தேன். பனைகள் முடிந்த பிறகு வல்லை வெளியில் இரண்டு பக்கமும் உப்புத் தரையும் தண்ணீரும்தான். நிழலென்று பார்த்தால் லொறியின் நிழல். உச்சி வெயில். எப்போதும் ஆளைத் தூக்குகிற காற்று அன்று நின்றுபோயிருந்தது. முள் மெல்ல எழும்பியது.

"இஞ்சாருங்கோ, முள்ளு!"

"தகரம் குலுங்குதப்பா" என்றீர்கள், திரும்பிப் பாராமலே.

குலுங்கினால் முள் தத்தளிக்கும். இது யாரோ பக்குவமாய் மிதிப்பதுபோல ஏறியது. இருபதுக்குக் கிட்டப் போய்த் தங்கியது. முனியப்பர் கோயில் கண்ணில் பட்டதும் இறங்கத் தொடங்கியது. வல்லையைக் கடக்கிற எவரும் முனியப்பருக்கு நிறுத்திக் கும்பிடாமல் போவதில்லை, நாங்களும் நிறுத்துவோம். ஆனால் நீங்கள் பிறேக்கில் கால் வைக்க முன்னமே, லொறி ஓடிக்கொண்டிருக்க, முள் பூச்சியத்துக்கு வந்து நின்றது. பிறகு ஒருதரம் துடித்தது. அவ்வளவுதான்.

ஒவ்வொரு தரமும் அப்படியே. போகும்போது மட்டும், வரும்போது இல்லை. நான் சொல்லச் சொல்ல நீங்கள் சிரித்தீர்கள். கடைசியில் உங்களுக்கே பொறுக்கவில்லை. பனைகள் முடிகிற இடத்தில் லொறியை நிறுத்தி, எஞ்சினையும் அணைத்துவிட்டு, "இப்ப குலுங்கட்டும் பாப்பம்" என்று இறங்கி முன்னால் போய் நின்றீர்கள். நான் உள்ளே தனியே. நின்ற லொறிக்குள், என் முழங்காலுக்கு நேரே, முள் எழும்பியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்கள் என் முகத்தைக் கண்டுதான் ஓடி வந்தீர்கள். அது ஏறி, தங்கி, இறங்கி, நின்று, துடித்து அடங்கும் வரைக்கும் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்று நீங்கள் தகரம் என்று சொல்லவில்லை. சால்வைத் தலைப்பால் மீற்றரின் கண்ணாடியைத் துடைத்தீர்கள்.

"அந்த மனுசன் பறக்கேல்லையப்பா. மெதுவாய்த்தான் வந்திருக்கிறார். கும்பிட நிப்பாட்டியும் இருக்கிறார். மழையிலை ஊறின ரோட்டோரம்தான் நிண்ட காரோடை சரிஞ்சிருக்கு."

"கழட்டுங்கோ. உங்களுக்குக் கோடி புண்ணியம், கழட்டித் தண்ணியிலை எறியுங்கோ."

"கழட்டலாம். அதுக்கு முதல் அந்தத் தாய் இதைப் பாக்க வேணும்."

"விசரே உங்களுக்கு? முள்ளு ஆடுது எண்டு போய்ச் சொன்னால் தும்புத்தடியாலை அடிப்பா!"

நீங்கள் முள்ளைப் பற்றிச் சொல்லவே இல்லை. படலையடியில் நின்று, "அம்மா, பிள்ளை போன இடத்தை நீங்கள் இன்னும் பாக்கேல்லை. வாங்கோ, ஒருக்காக் கூட்டிக்கொண்டு போறன்" என்றீர்கள். அதற்குத்தான் அவர் வந்தார். நாங்கள் முன்னமே ஏற்றி வந்திருந்த மகளை லொறியில் கண்டதும் திரும்பிப் போகப் பார்த்தார். ஆனால் பிள்ளை போன இடம் அவரை இழுத்தது. ஏறினார், மகள் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

நான் பின்னால் வெங்காய மூட்டைகளின் மேல். தட்டியில் இருந்த சின்ன ஓட்டைக்குள்ளால் மூன்று தலைகளும் அந்த மீற்றரும் தெரிந்தன. முள் இன்றைக்கு ஆடாவிட்டால் இந்தத் தாயும் மகளும் செத்தாலும் சேரமாட்டார்கள் என்பது எனக்கு விளங்கியது. பனைகள் முடிந்தன. முள் கிடந்தது. காற்று அடித்தது. எறியுங்கோ எறியுங்கோ என்று நின்ற நானே, "ஐயா, வாங்கோ. இண்டைக்கு மட்டும் வாங்கோ" என்று அந்தச் செத்த மனிதரை வாய்விட்டுக் கூப்பிட்டேன்.

காற்று நின்றது.

"அம்மா, உந்த முள்ளைப் பாருங்கோ. அதுக்குக் கேபிள் இல்லை" என்றீர்கள், அவ்வளவுதான்.

ஏறியது. இருபதுக்குக் கிட்டத் தங்கியது. மகள் விரலை வாயில் கடித்துக்கொண்டாள். கோயில் தெரிந்தது. இறங்கியது. வெளியே ரோட்டு ஓடிக்கொண்டிருக்க, முள் பூச்சியத்தில் நின்றது.

"நிண்டிட்டினம்" என்றார் தாய். சின்னக் குரல்.

முள் துடித்தது.

"தம்பி, இறங்கடா! இறங்கு ராசா, இறங்கு!"

அந்தக் கத்தல் இன்னும் என் காதில் கிடக்கிறது. கதவுப் பிடியைத் தேடி அவர் கை அலைந்தது, அப்போதும் தன் மகனை அந்தக் காரிலிருந்து இழுத்து எடுத்துவிடலாம் என்பதுபோல. மகள் அந்தக் கையைப் பிடித்தாள். பிடித்த கையை அவர் உதறவில்லை. நீங்கள் இறங்கிப் போய் முனியப்பருக்குக் கர்ப்பூரம் கொளுத்தினீர்கள். திரும்பி வரும்வரை அவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும் மூட்டை மேல் குந்தி அழுதேன்.

அதற்குப் பிறகு முள் ஒருநாளும் அசையவில்லை. நீங்களும் கழற்றவில்லை. மாலையில் தாயும் மகளும் அந்தப் படலையைத் திறந்துபோட்டுக்கொண்டு இருந்து கதைப்பதை ரோட்டால் போகிற எல்லோரும் கண்டார்கள்.

போன வருடம் காய்ச்சலில் நீங்கள் போனீர்கள். செத்த வீட்டில் அந்தத் தாய் என் பக்கத்தை விட்டு எழும்பவேயில்லை. "உன்ரை மனுசன்தானடி என்ரை மகளை எனக்குத் திருப்பித் தந்தது" என்று சொல்லிச் சொல்லி என் தலையைத் தடவினார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள், உச்சி வெயிலில் வல்லைக்கு ஓட்டச் சொல்லித் தம்பியை நச்சரித்தேன். ஏனென்று அவனுக்குத் தெரியாது. பனைகள் முடிந்தன. கோயில் வந்தது. முள் கிடந்தது. கிடந்த முள்ளைப் பார்த்துச் சண்டை பிடித்தேன். "ஆரோ ஒருத்தர் வந்து ஆட்டினார். கட்டின மனுசன், உங்களுக்கு ஒருக்கா ஆட்ட ஏலாதோ?" தம்பி பயந்துபோய் என்னை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தான்.

பிறகு யோசித்தேன். அந்தக் கார்க்காரருக்கு உலகத்துக்குச் சொல்ல ஒன்று மிச்சமிருந்தது. நீங்கள் கடைசியாகக் கண் திறந்தபோது "நீர் சாப்பிட்டனீரே?" என்றுதான் கேட்டீர்கள். சாப்பிட்டேன் என்றேன். உங்களுக்கு மிச்சம் ஒன்றும் இல்லை. அது நல்லதுதான் என்று மனதுக்குச் சொல்லிப் பார்க்கிறேன். மனம் கேட்கிறதா? இல்லை.

பாசுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து, கேபிளையும் கொடுத்து அனுப்பிவிட்டேன். பிறகு லொறியில் ஏறி, உங்கள் சால்வைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தேன். தூசி பிடிக்க விடுவதில்லை, பயப்படாதீர்கள். நாளைக்குச் சந்தை. நானும் போவேன், அதே இடத்தில் இருப்பேன். கேபிளைப் பூட்டினால் அந்த முள் எந்த நேரமும் ஆடிக்கொண்டிருக்கும். பிறகு நீங்கள் ஒருநாள் வந்து ஆட்டினாலும் எனக்கு எப்படித் தெரியும், சொல்லுங்கள்?