இறக்கையை எங்கே ஒட்டுவது

1982 ஜனவரி 8, வெள்ளி

பனி. எட்டரை மணி வரை எதிர் வார்டு தெரியவில்லை. ஹாஸ்டலிலிருந்து பல் லேபுக்குப் போவதற்குள் மூக்கு நுனி மரத்துப்போயிற்று. குளிருக்குப் பிளாஸ்டரும் இறுகுவேனா என்கிறது.

இன்று: மேல் செட் இரண்டு. முன்பல் ஒன்று. கீழ் செட் ஒன்று (நெமிலி வாத்தியார், மூன்றாம் தடவை. "கடிச்சா ஆடுதும்மா." கடிக்காமல் இருந்தால் ஆடாது என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்).

சாப்பாட்டு நேரத்தில் பொம்மை விமானத்தின் இடது இறக்கையில் மேல் பாதியையும் கீழ் பாதியையும் ஒட்டினேன். நூல் சுற்றி ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். வலது நாளைக்கு.

எனக்கு நிச்சயமான எபியிடமிருந்து கடிதம். நான்கு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் விமானம். உடம்பின் இரண்டு பாதியும் சேர்ந்துவிட்டதாம். ஜன்னல் கண்ணாடியெல்லாம் வைத்தாயிற்றாம். ஃபேக்டரியில் தோலுக்கு அடிக்கும் லேக்கரையே இதற்கும் அடிக்கலாமா என்று பார்க்க, பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டை வெட்டித் தின்னரில் போட்டாராம். "ஐந்து நிமிஷத்தில் கஞ்சி." நல்லவேளை, துண்டோடு போயிற்று. கடைசி அரைப் பக்கத்தில் நான் நலமா என்று ஒரு வரி. என் பங்கு அவ்வளவுதான்.

ஆனாலும் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தேன். லீலா பார்த்துவிட்டாள். என் அறையில் இருப்பவள், குழந்தைகள் வார்டு நர்ஸ், கண்ணில் எதுவும் தப்பாது. "இன்னாடி, கஞ்சிக்கா இவ்ளோ சிரிப்பு?"

10, ஞாயிறு

கோயிலில் எங்கள் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை வாசித்தார்கள். ஆம்பூர் எபநேசருக்கும் வேலூர் கிரேஸுக்கும். இன்னும் இரண்டு ஞாயிறு வாசிப்பார்கள். பிப்ரவரியில் கல்யாணம். ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று போதகர் நிமிர்ந்தபோது முன் வரிசையில் யாரோ இருமினார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெறும் இருமல்தான்.

நவம்பரில் நிச்சயம் நடந்த நாள் ஞாபகம் வந்தது. எபி தோல் ஃபேக்டரியில் ஃபினிஷிங் பிரிவு. தோலுக்கு நிறம் அடிப்பவர். மெஷின் பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் கெஸ்ட் ஹவுஸில் பொழுதுபோகக் கொண்டுவந்த, ஒட்டிச் செய்கிற டகோட்டா பொம்மை விமானப் பெட்டியைப் பிரிக்காமலே இவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மோதிரம் போட்டாயிற்று, எல்லாரும் பிரியாணிப் பந்தியில். இவர் என்னை ஹாலுக்குப் பின்னால் கூப்பிட்டார். என் கண்ணைப் புகழ்ந்து ஏதாவது சொல்லப்போகிறார் என்று நின்றேன். மனுஷன் பெட்டியைத் திறந்து பாகங்களை இரண்டு குவியலாகப் பிரித்தார். "நீங்க பல்லு செய்ற கை. இறக்கை உங்களுக்கு. உடம்பு எனக்கு."

அன்றைக்குத்தான் இவரைப் பிடித்துப்போனது. வீட்டார் பார்த்து முடித்ததெல்லாம் அதற்கு முன்பு.

அன்றைக்கே அத்தை (எபியின் அம்மா) என் தட்டில் ஒரு துண்டு கறியை வைத்துவிட்டுச் சொன்னதும் ஞாபகம் வந்தது. "கல்யாணம் ஆனா ஆம்பூர்லயே இரும்மா. தெனம் பஸ்ல அலைஞ்சு இன்னாத்துக்கு வேலை?" ஆசையாகத்தான் சொன்னார். அதனால் கோபப்படவும் வழியில்லை. எபி பக்கத்தில்தான் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை.

11, திங்கள்

லேப் பெரிய சார் கூப்பிட்டார். ஆறு வருடத் தற்காலிகம் முடிந்து என் வேலை நிரந்தரமாகிறது! நாற்காலியில் உட்காரச் சொல்லியே சொன்னார். 25-ம் தேதிக்குள் சம்மதம் எழுதித் தர வேண்டும். "கல்யாணம் ஆகப் போவுது உனக்கு. யோசிச்சு எழுதும்மா."

வேலையை விட மனமில்லை. இதில் யோசிக்க ஒன்றுமில்லை எனக்கு. பல்லில்லாமல் வாயைப் பொத்திக்கொண்டு வருகிறவர் கண்ணாடி பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார். அதை விட்டுவிட்டு ஆம்பூரில் உட்கார்ந்து நான் என்ன செய்வது?

எபியிடம் கேட்கப் போவதில்லை. கேட்டு வாங்கினால் அது தயவு. அவராகச் சொல்ல வேண்டும். பதினான்கு நாள் இருக்கிறது.

வாங்க: சோப்பு, இன்லேண்ட் லெட்டர் 3, அம்மாவுக்குத் தைலம்.

12, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை. பெரிய தப்பு செய்துவிட்டேன்.

இறக்கைகளின் ஓரத்தில் ஒட்டிய கோடு தெரிந்தது. அதை மட்டும் அரத்தால் தேய்க்கத்தான் உட்கார்ந்தேன். அப்புறம் உப்புத்தாள். அப்புறம் பல்செட்டுக்குப் போடும் ப்யூமிஸ் தூளை ஈரத்துணியில் தொட்டு. கை பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. எங்கள் லேபில் ஒரே சட்டம்: நாக்குக்கு எதுவும் உறுத்தக்கூடாது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், இறக்கையை நாக்கால் தொட்டும் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. சந்தோஷப்பட்டேன். அதே கையோடு வலது இறக்கையும்.

பிறகுதான் பெட்டியோடு வந்த படத்தை எடுத்துப் பார்த்தேன். இறக்கை முழுக்க வரிசை வரிசையாகப் புள்ளிகள். விமானத் தகட்டை அடித்துச் சேர்த்த ரிவெட் ஆணித் தலைகள். கடுகில் பாதி இருக்கும் ஒவ்வொன்றும். அத்தனையும் நேற்று வரை என் இறக்கையிலும் இருந்தன. ஒன்று பாக்கியில்லாமல் தேய்த்துத் தள்ளிவிட்டேன். அவர் உடம்பில் எல்லாம் அப்படியே இருக்கும். ஆம்பூரில் ஒரு கடையிலும் வேறு இறக்கை கிடைக்காது, மெட்ராஸிலும் கிடைக்காது.

லீலா இறக்கையைத் தடவிப் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்குது? பீங்கான் தட்டாட்டம்."

அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

14, வியாழன்

பொங்கல் லீவு. கீழ்த்தளத்து லட்சுமி பொங்கல் கொடுத்தாள், முந்திரி ஜாஸ்தி. துணி துவைத்தேன். இறக்கைகளைப் பெட்டியில் வைத்து மேல் தட்டில், கண்ணில் படாத இடத்தில்.

எபிக்குக் கடிதம் எழுதினேன். கிழித்தேன். நேரில்தான் சொல்ல வேண்டும்.

16, சனி

காட்பாடி ஸ்டேஷன். வழக்கம்போல அவர் ஆம்பூரிலிருந்து ரயிலில், நாங்கள் பஸ்ஸில். வழக்கம்போல இரண்டாம் பிளாட்பாரம் கடைசி பெஞ்ச். துணைக்கு வந்த லீலா வழக்கம்போல நடுவில். காணும் பொங்கல் கூட்டம். கரும்பும் குழந்தைகளுமாக நெருக்கித் தள்ளினார்கள்.

அவர் செருப்புப் பெட்டியைத் திறந்தார். மெல்லிய தோல் துண்டுகளை மெத்தையாக வைத்து நடுவில் விமானத்தின் உடம்பு. அழகு. வாலில் ஒரு பிசிறு இல்லை. என் பெட்டியை நீட்டி, "தேய்ச்சிட்டேன்" என்றேன்.

கட்டைவிரலால் இறக்கையைத் தடவினார். மறுபடி தடவினார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். பெஞ்ச் ஆடும் அளவுக்குச் சிரிப்பு.

"கொசுக்கடி, முள்ளுக்கீறல் ஜாஸ்தி இருக்கிற தோலு வந்தா நாங்களும் இதான் செய்வோம் கிரேஸ். மேல்பக்கத்த தேய்ச்சு மழுங்கடிச்சிடுவோம். ஆனா எங்காளுங்களால இவ்ளோ சமமா தேய்க்க முடியாது."

"அப்புறம் அந்தத் தோல இன்னா பண்ணுவீங்க?"

"திரும்ப அச்சு அழுத்துவோம். தோலாட்டமே ஆயிடும். இரு, நான் அனுப்புறேன் ஒண்ணு."

'இரு' என்றார். இத்தனை நாள் 'இருங்க'. அவரும் கவனித்தார் போல, காது சிவந்துவிட்டது. லீலா கரும்பு கடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

அந்தத் தைரியத்தில் கேட்டேன். "இறக்கைய எங்க ஒட்றது?"

வேலையைப் பற்றிக் கேட்க மாட்டேன் என்று வைராக்கியம். ஆனால் இதுவும் அதே கேள்விதான், அவருக்கும் தெரியும். இறக்கையை ஒட்டிவிட்டால் விமானம் எந்தப் பெட்டியிலும் அடங்காது. பஸ்ஸில், ரயிலில் கொண்டுபோனால் முதல் நெரிசலிலேயே ஒடியும். எங்கே ஒட்டுகிறோமோ அங்கேயே இருந்துவிடும்.

"பார்க்கலாம்" என்றார்.

ரயில் வந்துவிட்டது. பார்க்கலாமாம்! எதைப் பார்ப்பது?

17, ஞாயிறு

இரண்டாம் ஓலை. ஆட்சேபணை என்று போதகர் கேட்டபோது நானே கையைத் தூக்கிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. கையை பைபிளுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

19, செவ்வாய்

ஆம்பூரிலிருந்து சிகிச்சைக்கு வந்த ஃபேக்டரி டிரைவர் ஒருவர் ஒரு பொட்டலம் கொடுத்தார். உள்ளே மரப்பிடி, அதன் முனையில் சின்னப் பல்சக்கரம். ஷூவின் மேல்தோலில் தையல் எங்கே விழ வேண்டும் என்று சமமாகப் புள்ளி குத்த உருட்டுவார்களாம். கூடவே சீட்டு:

"ஸ்கேல் வைத்து இறக்கையில் உருட்டு. மெதுவாக. முதலில் வேண்டாத துண்டில். இன்னொன்று: இரண்டு இறக்கையும் ஒட்டினால் முனைக்கு முனை எத்தனை அங்குலம்? சரியாக அளந்து உடனே எழுது. எபி."

சக்கரத்தைப் பார்த்துச் சந்தோஷம் பொங்கியது. கடைசி வரியைப் படித்ததும் அப்படியே வடிந்துவிட்டது. எதற்கு அளவு? ஆம்பூர் வீட்டில் ஹாலில் அத்தையின் ஷோகேஸ் இருக்கிறது. கண்ணாடிக் கதவு, உள்ளே பூப்போட்ட டம்ளர்கள். அதில் வைக்கத்தான். முடிவாகிவிட்டது போல. என்னிடம் சொல்வதற்கு முன் ஷோகேஸிடம் சொல்லியாயிற்று.

கார்டில் பதில்: "பதினாறுக்குக் கொஞ்சம் கம்மி. கிரேஸ்." வேறு ஒரு வார்த்தை இல்லை. தெரியட்டும்.

21, வியாழன்

கோபம் ஒரு பக்கம். சக்கரம் ஒரு பக்கம்.

இரண்டு நாள் சாப்பாட்டு நேரம் முழுக்க உருட்டினேன். டிக் டிக் டிக் என்று கைக்குள் ஒரு சின்ன அதிர்வு. நிமிர்ந்து பார்த்தால் புள்ளி வரிசை, ஒரே சீராக. அடித்து அடித்துச் சொல்வேன், உடம்பில் உள்ளதைவிட என் வரிசை நேர். ஒரே இடத்தில் ஸ்கேல் நகர்ந்து கோணல்: வலது இறக்கை, அடிப்பக்கம். யாரும் தலைகீழாகப் பார்க்கப் போவதில்லை.

லீலா: "அவர்து மேடு, உன்து பள்ளம். இன்னா ஜோடிடி இது!"

நெமிலி வாத்தியார் வந்தார். ஆடவில்லையாம். மிக்சர் பொட்டலம் கொடுத்துவிட்டு, என் எதிரிலேயே ஒரு வாய் மென்று காட்டினார். அவர் போன பிறகு கொஞ்சம் அழுதேன். இந்த மேஜையை விட்டுவிட்டு எப்படிப் போவேன்?

முடிவு செய்துவிட்டேன். திங்கட்கிழமை சம்மதம் என்றுதான் எழுதுவேன். சனிக்கிழமை அதை எபியிடம் சொல்லிவிடுவேன். அப்புறம் மூன்றாம் ஓலை வாசிப்பார்களோ மாட்டார்களோ. பிடித்த மனுஷனிடம் இதைச் சொல்வதற்கு எவ்வளவு பயம்!

23, சனி

மெதுவாக எழுதுகிறேன். ஒன்றும் விட்டுப்போகக்கூடாது.

காட்பாடி. எபி பெஞ்சில் உட்காரவில்லை. "பசை எடுத்தாந்தியா?" என்றார். நான் சொல்ல வந்ததை ஆரம்பித்தேன், "திங்கக்கெழம நான்..." "நடந்துகினே சொல்லு" என்று செருப்புப் பெட்டியோடு கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். பின்னால் ஓடினோம். லீலா: "எங்கடி இட்டுனு போறார்?"

ஸ்டேஷனுக்குப் பின்னால் இரண்டாம் தெரு. வேப்பமரம். வெள்ளையடித்த வீடு, சுண்ணாம்பு ஈரம் காயவில்லை. சட்டைப்பையிலிருந்து சாவி எடுத்தார். இரண்டு அறை, சமையலறை, பின்னால் கிணறு. முன்னறைச் சுவரில் பதித்த ஒரு அலமாரி.

டேப் எடுத்து என் கண்ணெதிரே நீட்டினார். "பதினெட்டு அங்குலம். உன் கார்டு வந்தப்புறம்தான் அட்வான்ஸ் குடுத்தேன். இதுக்கு முன்ன பார்த்த ரெண்டு வீட்லயும் அலமாரி பத்தல."

டேப்பை வாங்கி நானும் ஒரு தடவை அளந்தேன். அவரே சொன்னார். "காலையில நான் ரயில் ஏறி ஆம்பூர் போறேன். நீ பஸ் ஏறி வேலூர் போ. சாயங்காலம் ரெண்டு பேரும் இங்க."

"மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?" கத்திவிட்டேன். தெரு நாய் எழுந்து நின்றது.

"வீடு கெடைக்காம வாய்ல சொல்லி இன்னா ஆவும் கிரேஸ்?"

"அத்த?"

"ரெண்டு நாளு பேசல. மூணாம் நாளு ஷோகேஸ்ல இருந்து டம்ளர் ஆறு எடுத்து பேப்பர் சுத்திக் குடுத்தாங்க. சமையல்ரூம்ல இருக்குது, பாரு."

போய்ப் பார்த்தேன். பூப்போட்ட டம்ளர்கள்.

தரையில் செய்தித்தாள் விரித்து ஒட்டினோம். அவர் உடம்பைப் பிடித்துக்கொள்ள, நான் பசை தடவி இடது இறக்கையை வைத்தேன். கொஞ்சம் மேல்நோக்கிச் சாய வேண்டும். லீலா தீப்பெட்டியை முட்டுக்கொடுத்தாள். பிறகு வலது. பசை பிடிக்கும் வரை ஆளுக்கொரு இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தோம். அவர் விரலில் விமான உடம்புக்கு அடித்த வெள்ளிப் பூச்சு. வேலையைப் பற்றிச் சொன்னேன். "சேதி கேட்டதுலேர்ந்து ஃபேக்டரில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றார். யார் சொன்னது இவருக்கு? லீலா கூரையைப் பார்த்தாள்.

மீதி வெள்ளிப் பூச்சு கல்யாணத்துக்குப் பிறகு. அலமாரியில் வைத்தோம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு அங்குலம் இடம். வீட்டைப் பூட்டினோம்.

24, ஞாயிறு

மூன்றாம் ஓலை. ஆட்சேபணை கேட்டபோது கோயிலே அமைதி. நான் நேரே போதகரைப் பார்த்தேன்.

25, திங்கள்

பனி. சாரிடம் சம்மதக் கடிதம் கொடுத்தேன். படித்துவிட்டு ஒரு ஃபாரம் நீட்டினார். பெயர், எழுதினேன். பிறந்த தேதி, எழுதினேன். நிரந்தர விலாசம் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. ஸ்டேஷனுக்குப் பின்னால், இரண்டாம் தெரு, வேப்பமரத்து வீடு, காட்பாடி.

கதவு எண் தெரியாது. சனிக்கிழமை பார்க்கத் தோன்றவே இல்லை.