பத்துக்கு இரண்டு வாங்கிய மிஸ்

மிஸ்,

வீட்டுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறது. மஞ்சள் தடவிய மூலையை முகர்ந்ததும் உங்கள் நாலாம் வகுப்பு ஞாபகம். பழைய பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தைக் கத்தரித்துத்தானே எங்களுக்குக் கணக்கு அட்டை செய்வீர்கள்? மாப்பிள்ளைக்குப் பின்னால் வகுத்தல், மணப்பெண்ணுக்குப் பின்னால் கூட்டல்.

நான் இப்போது ப்ளஸ் டூ. தி. நகர் டியூஷனில் எண்பது பேருக்கும் ஒரே கணக்கு. புரிந்தவனும் கொட்டாவி விடுகிறான், புரியாதவனும் விடுகிறான்; சமத்துவம் அதில்தான். நீங்கள் இறந்த செய்தியை அங்கேதான் ஒருத்தன் சொன்னான். அன்றிலிருந்து குறும்பு செய்யக்கூடத் தெம்பில்லை.

உங்கள் வகுப்பில் பெஞ்சுக்கு ஒரு கணக்கு. பட்டினப்பாக்கத்துச் செல்வம் அம்மாவின் மீன் கடையில் இருந்துவிட்டு வாரத்தில் பாதி நாள்தான் வருவான். அவனுக்குக் கூட்டல், எனக்கு நீள வகுத்தல். "அவனுக்குப் புரியறதுலேர்ந்துதான்டா ஆரம்பிக்கணும்" என்பீர்கள்.

தலைமை ஆசிரியைக்கு அது பிடிக்கவில்லை. பள்ளி இன்ஸ்பெக்டர் உங்களுக்கு நல்ல மதிப்பெண் போட்டால்தான் அட்டைகள் தொடரும் என்று சொல்லியிருந்தாராம். இது எனக்குப் பிறகுதான் தெரியும். இன்ஸ்பெக்டர் வந்த காலை, நீங்கள் பெஞ்சுகளில் வைத்துவிட்டுப் போன அட்டைகளில் எங்கள் பெஞ்சுக்கு உரியதையும் செல்வம் பெஞ்சுக்கு உரியதையும் மாற்றி வைத்தேன். சும்மா, வேடிக்கைக்கு.

அவர் நேராகச் செல்வத்திடம் போனார்.

"என்னப்பா, ஒண்ணுமே போடல?"

"இன்னா சார் இது... ஒன்னியும் புரியல." அழுதுவிட்டான்.

நான் ஒரே நிமிடத்தில் முடித்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருந்தேன். அவர் என் அட்டையையும் பார்த்தார். "எந்தப் பிள்ளைக்கு என்ன வரும்னே உங்களுக்குத் தெரியலியேம்மா?"

நீங்கள் அட்டையைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். "மாத்திக் குடுத்துட்டேன் சார். என் தப்புதான்."

'மாணவர் நிலையறிந்து கற்பித்தல்' என்ற கட்டத்தில் அவர் போட்டது பத்துக்கு இரண்டு.

சாயங்காலம் என்னை நிறுத்தினீர்கள். குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புதான். "அவன் அழுதான்ல? போய் அவன்கிட்ட மன்னிப்பு கேளு."

கேட்டேன். "உட்றா மச்சி" என்றான்.

அடுத்த வாரம் அட்டைகள் அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டன. எல்லோருக்கும் ஒரே பக்கம், ஒரே கணக்கு. செல்வம் வந்துகொண்டிருந்த பாதி நாளும் நின்றது. அந்தக் காலி இடத்தை நீங்கள் பார்ப்பீர்கள். நான் ஜன்னலைப் பார்ப்பேன்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கும்படி நீங்கள் சொல்லவில்லை, மிஸ். ஒரு நாளும் உங்கள் பேச்சைக் கேட்காத நான், அன்று மட்டும் சொன்னதைச் சொன்னபடி செய்துவிட்டேன்.