உன்னைக் கடைசி கிலோமீட்டருக்கு வைத்திருந்தேன்

அடி வாயாடி,

ஆறு வருஷம் கழித்து எழுதுகிறேன். குசலம் விசாரிக்க இல்லை, ஒரு சேதி சொல்ல.

நேற்று மாரத்தான் ஓடினேன். எழுபது தாண்டிய பெண்கள் ஐந்து மணி நேரத்துக்குள் முடித்தால்தான் அடுத்த வருஷம் பெரிய போட்டியில் சேர்ப்பார்கள். நான் நாலு மணி ஐம்பத்தெட்டு நிமிஷத்தில் முடித்தேன். மறுபடி படித்துக்கொள்.

"பாட்டி, எதையாவது நெனச்சுக்கிட்டே ஓடு, வலி தெரியாது" என்றாள் பேத்தி. நான் கிலோமீட்டருக்கு ஒரு ஆளாக, என்னை இளக்காரமாகப் பேசியவர்களை வரிசையாக நினைத்தேன். நாத்தனார் மட்டும் நாலு தடவை வந்தாள். தையல் கம்பெனி மேனேஜர் வந்தபோது பெரிய மேடு; ஆத்திரத்தில் மேடே தெரியவில்லை.

உன்னைக் கடைசிக்கு வைத்திருந்தேன். முட்டி ஆபரேஷன் முடிந்து நான் கட்டிலில் கிடக்க, நீங்கள் எல்லாரும் கடற்கரைக்குக் கிளம்பினீர்கள். கையில் என் நீலக் குடையோடு வாசலில் நின்று சொன்னாய்: "அக்காவ விட்டுடுங்க. அவ வந்தா நாமெல்லாம் அவளுக்காக நின்னுக்கிட்டே இருக்கணும்."

கதவு திறந்துதானடி இருந்தது.

அந்தக் கடைசி கிலோமீட்டரைத்தான் எல்லாவற்றையும்விட வேகமாக ஓடினேனாம். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் கூட்டத்தில் நீலக் குடை ஏதும் தெரிகிறதா என்று பார்த்தேன். வெயில் அதிகம், அதனால்தான்.

மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. பெரிய போட்டிக்கும் அந்தப் பேச்சு எனக்கு வேண்டும். ஆனால் நீ வா. குடையையும் எடுத்து வா. ஓட்டம் முடிகிற இடத்தில் ஐந்து மணி நேரம் எனக்காக நின்றுகொண்டே இரு.

வந்துவிடுவேன்.

உன் அக்கா