தூதாவையும் பாட விடுங்கள்

என் வீட்டுக்காரருக்கு, காசாபிளாங்காவிலிருந்து இஜ்ஜாவின் மரியாதையான ஸலாம். முழங்கால் வலி தேவலையா?

அறுவடை விருந்தில் பாட யாரை அழைக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். பாட்டுக்காரர் பிஹியை அழையுங்கள். மழை வராத வருஷத்தைப் பற்றி அவர் கட்டிய பாட்டை ரேடியோவில் கேட்டு நின்றதில், அடுப்பில் வெந்துகொண்டிருந்த கூஸ்கூஸின் ஆவி அடித்து என் கை வெந்துவிட்டது. புண் ஆறிவிட்டது, கவலை வேண்டாம்.

அவருக்குப் பாட்டிலேயே பதில் சொல்ல நம் பேத்தி இருக்கிறாளே, தூதா. போன வருஷ விருந்தில் அவர், "சின்னப்பொண்ணே, போய் ஆடு மேய்" என்று பாட, "ஆடுகூட புதுப்புல்லுதான் தேடுது மாமா, நீங்கதான் பழசையே மெல்லுறீங்க" என்று திருப்பினாளே! பிஹியே சிரித்தார். நீங்கள்தான் கோபித்துக்கொண்டு, இனிமேல் பாடக் கூடாது என்றீர்கள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள், அவளை நிறுத்தாதீர்கள்.

எனக்கு லீவு கிடைக்காது. பஸ்காரரிடம் கொஞ்சம் காய்ந்த அத்திப்பழம் கொடுத்தனுப்புங்கள். முதலாளியம்மா கூப்பிடுகிறார். தூதா பாடும்போது போனை அவள் பக்கம் பிடியுங்கள். இந்த முறை அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்கிறேன்.

உங்கள் இஜ்ஜா